வானம் எங்க தம்பி?

திண்டுக்கல் மலைக்கோட்டையை நான் எடுத்த படத்துக்கு ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் 'செம' என்றார்கள். ஊரில் பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவர் மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: "வானம் எங்க தம்பி?" வெளுத்துப் போயிருந்தது. இரண்டு நாள் அவர்மேல் கோபம்.

பிறகுதான் லின்னேயஸ் டிரைப் நினைவுக்கு வந்தார். மதராஸ் ராணுவத்தில் கேப்டன். அமெச்சூராகத்தான் படமெடுக்கத் தொடங்கினார். ஹளேபீடு, பேளூர் கோயில் படங்களுக்கு 1855 மதராஸ் கண்காட்சியில் முதல் தரப் பதக்கம் கிடைத்தது. அன்றைய காகித நெகட்டிவ் நீல ஒளியை அதிகமாக வாங்கும். வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பதக்கம் வாங்கியவர் அதோடு விட்டிருக்கலாம். அதே ஆண்டு பர்மாவில் எடுத்த நெகட்டிவ்களில் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். (ஏமாற்று வேலையா என்றால், கொஞ்சம் ஆமாம்தான்.) 1858-ல் மதுரை, தஞ்சாவூர் கோயில்களை அரசுக்காக எடுத்தார். 1859-ல் வந்த கவர்னர் டிரெவெல்யன் அது ஆடம்பரச் செலவென்று நிறுத்திவிட்டார். அதை நான் விமர்சனத்தில் சேர்க்க மாட்டேன். அங்கே பேச்சு பில்லைப் பற்றி.

போன வாரம் ஆபீஸ் ஜூனியர் ஒருவன் சிறுமலைப் படம் அனுப்பி, "எப்படிண்ணா இருக்கு?" என்றான். 'செம' என்று டைப் செய்து, அழித்தேன். "குறுக்க கரண்ட் கம்பி போகுதே, பாத்தியா?" என்று அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.