தேவசகாயம்: ஒரு பெயரின் பொருளும் பின்னொட்டும்

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் நட்டாலத்து நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். அவர் ஏற்ற பெயர் 'லாசர்'. நற்செய்தியில் இயேசு கல்லறையிலிருந்து உயிர்ப்பித்தவரின் பெயர் அது. அதன் எபிரேய மூலம் 'எலெயாசார்'. 'கடவுள் உதவினார்' என்பது பொருள். மக்கள் வழக்கில் நிலைத்ததோ அதன் மொழிபெயர்ப்பான 'தேவசகாயம்'.

ஒலிபெயர்ப்பாக வரும் திருமுழுக்குப் பெயர் ஒருவரைத் திருச்சபையின் புனிதர் மரபோடு இணைக்கிறது. மொழிபெயர்க்கப்பட்ட பெயரோ கேட்போர் அனைவருக்கும் விளங்கும் விசுவாச அறிக்கையாகிறது. அவரைப் பெயர்சொல்லி அழைத்தவர்கள், அறிந்தோ அறியாமலோ, கடவுளின் துணையையே உச்சரித்தனர். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் திருவிதாங்கூர்ப் படைவீரர் அவரைச் சுட்டுக் கொன்றனர். பெயர் மக்கள் நாவில் வாழ்ந்தது.

ஆயினும் திருமுழுக்கு நீர் கழுவாத ஒரு சொல் அப்பெயரின் ஈற்றில் ஒட்டியிருந்தது: 'பிள்ளை'. 2012-இல் அருளாளர் பட்டம் பெற்றபோதும் சாதி சுட்டும் அப்பின்னொட்டு நீங்கவில்லை. அதற்கு எதிர்ப்பு எழுந்தபின், 2022 மே 15 அன்று நிகழ்ந்த புனிதர் பட்டமளிப்பில் வத்திக்கான் அதனைத் தவிர்த்து, 'தேவசகாயம் எனப்படும் லாசர்' என்றே அவரைக் குறித்தது.

நீலகண்டன் என்னும் பெயர் ஒரே நாளில் மாறியது. பின்னொட்டு உதிர 277 ஆண்டுகள் ஆயின.