டெட்ராய்ட் ஏன் ஒரு லைன்மேனுக்கு அப்படிக் குதிச்சது?

2021 ஏப்ரல் 29. அமெரிக்கன் ஃபுட்பால் டிராஃப்ட். (உதைக்கிற ஃபுட்பால் இல்லைங்க, ஹெல்மெட் போட்டு மோதுறது.) காலேஜ் பசங்களை அணிகள் வரிசைப்படி எடுக்கிற நாள். 7-வதா டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்தது பெனெய் சூவல். அணியோட பொது மேலாளர் பிராட் ஹோம்ஸ் சந்தோஷத்துல கத்தின வீடியோ உலகமெல்லாம் சுத்துச்சு. ரசிகர்களும் அதே ஆட்டம்தான்.

இத்தனைக்கும் சூவல் ஒரு அஃபென்சிவ் லைன்மேன். பந்து வச்சிருக்கிறவர் மேல எதிராளி விழாம, 150 கிலோ உடம்பால மறிக்கிறதுதான் வேலை. பந்தைத் தொடுறதே அபூர்வம். அவருக்கு எதுக்கு இவ்வளவு கொண்டாட்டம்?

30 வருஷம் பின்னால போவோம்.

1991 நவம்பர் 17. சொந்த மைதானத்தில் ராம்ஸ் அணியோட ஆட்டம். லயன்ஸ் லைன்மேன் மைக் அட்லி கீழே விழுந்தார். கழுத்துத் தண்டெலும்பில் சி6, சி7 முறிவு. ஸ்ட்ரெச்சரில் கொண்டு போகும்போது ரசிகர்களைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

கழுத்தில் அடிபட்டு கேஷுவால்டிக்கு வர்றவங்ககிட்ட நாங்க முதல்ல கேக்குறதே "கை விரலை அசைங்க"ன்னுதான். கட்டை விரலைத் தூக்குற நரம்பு கிட்டத்தட்ட அவருக்கு முறிஞ்ச அந்த இடத்துலேர்ந்துதான் வருது. அதனால அந்தக் காட்சியை என்னால சாதாரணமா பாக்க முடியலை. அவர் கால்கள் செயலிழந்துடுச்சு. திரும்ப ஆடவே இல்லை.

அந்த விரல்தான் அணிக்கு அடையாளமாச்சு. லீக்கில் மிச்சமிருந்த 5 ஆட்டத்தையும் ஜெயிச்சாங்க. 1992 ஜனவரி 5 பிளேஆஃபில் டல்லஸை 38-6னு நொறுக்கினாங்க. அடுத்த ஆட்டத்துல வாஷிங்டன்கிட்ட தோத்து வெளியே.

அதே வருஷம் ஜூன். அதே லைனில் ஆடின எரிக் ஆண்டோல்செக், தன் வீட்டு முற்றத்துல வேலை பார்த்துக்கிட்டு இருந்தார். ரோட்டை விட்டு விலகி வந்த லாரி மோதி இறந்துட்டார். ஏழே மாசத்துல ஒரே லைன்லேர்ந்து ரெண்டு பேர்.

அதுக்கப்புறம் 32 வருஷம் டெட்ராய்ட் ஒரு பிளேஆஃப்கூட ஜெயிக்கலை. 2008-ல் 16 ஆட்டமும் தோல்வி. இதுக்கெல்லாம் அந்த ரெண்டு பேர் இல்லாததுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், நிர்வாகம் சொதப்பினது தனிக்கதை. ஆனா லைன்மேன்னா யாருன்னு அந்த ஊர்க்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

2024 ஜனவரி 14. பிளேஆஃப். எதிரணி அதே ராம்ஸ். வலது ஓரத்துல சூவல் நின்னு மறிச்சார். 24-23. டெட்ராய்ட் ஜெயிச்சது.