திட்டிவாசல் போட்ட கதை

விண்டோஸ் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் உபுண்டுவை நிறுவியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்துக்கு வந்து நின்றிருப்பார்கள். ஷேர்டு ஃபோல்டர் கண்ணுக்குத் தெரிகிறது. ‘மீடியா’வுக்குள் ‘எஸ்.எஃப்’ என்ற முன்னொட்டோடு சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. திறந்தால் ‘பர்மிஷன் டினைடு’. நம் கணினி, நம் ஃபோல்டர், நமக்கே அனுமதி இல்லை. ‘வி.பாக்ஸ்.எஸ்.எஃப்’ குழுவில் நம் பயனர் பெயரைச் சேர்த்து, லாக்-அவுட் செய்து மறுபடி வந்தால் திறந்துவிடும். லாக்-அவுட் செய்யாமலே, சேர்த்தும் பலனில்லை என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர்.

சாதாரண ஃபோல்டர் இப்படி வம்பு செய்யாதே என்றால், இது சாதாரண ஃபோல்டரே இல்லை. அது பிறந்த விதம் அப்படி.

1960களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐ.பி.எம் ஆய்வு மையத்தில் ராபர்ட் கிரீஸி தலைமையிலான குழு, ஒரே பெருங்கணினியை ஆளுக்கொரு கணினி போலக் காட்டும் சி.பி-40-ஐ உருவாக்கியது. அதன் வாரிசுதான் 1972-இல் அறிவிக்கப்பட்ட வி.எம்/370. ஒருவர் கணினிக்குள் இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பெருமை. சரி, பக்கத்து மேஜைக்காரருக்கு ஒரு ஃபைல் கொடுக்க வேண்டுமே? அதற்கும் வழி இருந்தது. ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஒரு பொய் அட்டைத் துளைப்பான், ஒரு பொய் அட்டை வாசிப்பான். கொடுப்பவர் தன் ஃபைலை 80 எழுத்து கொள்ளும் அட்டைகளாகத் துளைத்து அனுப்புவார். அட்டையும் கிடையாது, துளையும் கிடையாது. ஆனால் பெறுபவரின் வாசிப்பானில் அட்டைக்கட்டு வந்து விழும்!

ஒரே வட்டை இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டால் என்ன? படிக்க மட்டும் என்றால் கொடுக்கலாம், கொடுத்தார்கள். இருவரும் எழுத ஆரம்பித்தால் நாசம்தான். எந்த இடம் காலி, எந்த ஃபைல் எங்கே என்ற கணக்கை ஒவ்வொரு இயங்குதளமும் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, வட்டுக்குத் தான் ஒருவனே சொந்தக்காரன் என்று நம்புகிறது. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அவர் அதன் மேலேயே எழுதிவிடுவார். இன்றும் ஒரே மெய்நிகர் வட்டை இரண்டு லினக்ஸில் ஒரே நேரத்தில் மவுன்ட் செய்தால் இதே கதிதான்.

1999-இல் வி.எம்.வேர் முதல் வொர்க்ஸ்டேஷனை வெளியிட்டது. ஒரு மேஜைக் கணினிக்குள்ளேயே லினக்ஸும் விண்டோஸும் ஒன்றாக ஓடின, பழைய கேள்வியும் திரும்பி வந்தது. அப்போது எல்லோருக்கும் தெரிந்த விடை நெட்வொர்க். லினக்ஸ் பதிப்போடு, நெட்வொர்க் வழியே ஃபைல் பகிரும் சாம்பாவையே சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஃபைலை எடுக்க ஐ.பி. முகவரி, பாஸ்வேர்டு, ஃபயர்வால். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை.

அப்புறம் வந்ததுதான் இன்றைய ஷேர்டு ஃபோல்டர். கோட்டைக் கதவைத் திறக்காமல் அதில் திட்டிவாசல் போடுவது மாதிரியான யோசனை. உள்ளே இருக்கும் விருந்தாளிக் கணினிக்கு வட்டு காட்டப்படுவதில்லை. ‘இந்தப் பெயருள்ள ஃபைலைத் திற, இவ்வளவு படி’ என்று அது கேட்கும்; வெளியே இருக்கும் ஹோஸ்ட் அந்த வேலையைச் செய்து விடையைக் கொடுக்கும். இப்படிப் பேச வி.எம்.வேர் ஒரு ரகசிய ஐ/ஓ போர்ட் வைத்திருந்தது. எண் 22104. பதினாறடிமானத்தில் எழுதினால் 5658, அதாவது ‘வி’, ‘எக்ஸ்’ என்ற இரண்டு எழுத்துகளின் குறியீடு. பொறியாளர்கள் கையெழுத்துப் போடும் விதம் இது!

வட்டின் கணக்கு ஹோஸ்டிடம் மட்டும் இருப்பதால் நாசம் தவிர்ந்தது. ஆனால் விருந்தாளிக்குக் கேட்டது மட்டும்தான் கிடைக்கும், கேட்காத சேதி வராது. நம் வம்புகளில் பெரும்பாலானவை இங்கேதான் ஆரம்பிக்கின்றன. விண்டோஸிடம் லினக்ஸ் பாணி உரிமையாளர் விவரம் இல்லை, அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் எல்லா ஃபைலுக்கும் ரூட்டே உரிமையாளர் என்று காட்டி, ‘வி.பாக்ஸ்.எஸ்.எஃப்’ குழுவுக்கு மட்டும் வழிவிடுகிறது. வெளியே ஃபைலை மாற்றினாலும் உள்ளே யாரும் மணி அடிப்பதில்லை, அதனால் மாற்றத்துக்காகக் காத்திருக்கும் புரோகிராம்கள் தூங்கிக்கொண்டே இருக்கும். சில நொடிக்கொருமுறை தானே போய்ப் பார்க்கும்படி, அதாவது ‘போலிங்’ முறைக்கு, அவற்றை மாற்ற வேண்டும்.

இவற்றில் வேடிக்கையானது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் வந்த கோளாறு. 2010-இல், மெய்நிகர் கணினிகளை அமைத்துத் தரும் வேக்ரன்ட் வந்து வெப் டெவலப்பர்களிடையே ஷேர்டு ஃபோல்டரைப் பரப்பிய பிறகு பலர் இதில் மாட்டினார்கள். விண்டோஸில் சி.எஸ்.எஸ் ஃபைலைத் திருத்துவீர்கள், பிரவுசரில் பழையதே வரும். சில சமயம் பாதியில் வெட்டுப்பட்டு வரும், வாலில் குப்பை எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எடிட்டரில் திறந்தால் ஃபைல் சுத்தமாக இருக்கும். வைரஸ் என்று பயந்தவர்களும் உண்டு. என்ஜின்எக்ஸ் வேகத்துக்காக ‘சென்ட்ஃபைல்’ என்ற குறுக்குவழியில் கர்னலின் நினைவகப் பிரதியை அப்படியே அனுப்புகிறது. அந்தப் பிரதி பழசாகிவிட்டது என்று கர்னலுக்கு யாரும் சொல்லவில்லை. கான்ஃபிக் ஃபைலில் ‘சென்ட்ஃபைல் ஆஃப்’ என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

சுவரில் வழி வைத்தால் திருடனும் அதைத்தான் பார்ப்பான். 2008 பிப்ரவரியில் கோர் செக்யூரிட்டி நிறுவனம் வி.எம்.வேர் ஷேர்டு ஃபோல்டரில் ஓட்டை இருப்பதை அறிவித்தது. வி.எம்.வேர் பாதைப் பெயரைச் சரிபார்த்த பிறகு அதன் எழுத்துக் குறியீட்டை மாற்றியது. அந்த இடைவெளியில் ‘மேல் ஃபோல்டருக்குப் போ’ என்ற புள்ளிகளை ஒளித்து வைத்தால், விருந்தாளி ஹோஸ்டின் மற்ற ஃபோல்டர்களுக்குள்ளும் நுழையலாம். விர்ச்சுவல்பாக்ஸ் ஷேர்டு ஃபோல்டருக்குள் சிம்லிங்க் (வேறு ஃபைலைச் சுட்டும் இணைப்பு) உருவாக்க இயல்பாக அனுமதிக்காததற்கும் பாதுகாப்புதான் காரணம். சிம்லிங்க் உருவாக்க முடியாமல் அங்கே ‘என்.பி.எம் இன்ஸ்டால்’ அழுதுகொண்டே நின்றுவிடுகிறது என்றால், கட்டுப்பாட்டைத் தளர்த்துவதைவிட அந்த புராஜெக்டை விருந்தாளியின் சொந்த வட்டுக்கே மாற்றிவிடுவது மேல். எனக்குத் தெரிந்து அதுதான் வேகமும்கூட.

இன்னொரு மெய்நிகர் கணினி மென்பொருளான க்யூஇஎம்யு தரப்பு வேறு வழியில் வந்தது. பெல் ஆய்வகத்தின் பிளான் 9 இயங்குதளத்துக்காக எழுதிய 9பி நெறிமுறையை எடுத்துக்கொண்டார்கள். மைக்ரோசாஃப்ட்டும் அதையே எடுத்தது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யு.எஸ்.எல் 2-இல் சி டிரைவைத் திறந்தால் பேசுவது 9பிதான். சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் அது திணறும். 2019-இல் லினக்ஸ் 5.4-இல் சேர்ந்த விர்ச்சியோ-எஃப்.எஸ், ஹோஸ்டும் விருந்தாளியும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன என்பதைப் பயன்படுத்தி, ஹோஸ்டின் நினைவகத்தையே விருந்தாளிக்குக் காட்டும் வழியையும் வைத்திருக்கிறது.

விர்ச்சுவல்பாக்ஸின் டிரைவரும் 2020-இல் லினக்ஸ் 5.6 கர்னலுக்குள்ளேயே இடம் பிடித்தது. அதற்கு முன் கர்னலை அப்டேட் செய்துவிட்டு அந்த டிரைவர் அடங்கிய கெஸ்ட் அடிஷன்ஸை மறுபடி கட்ட மறந்தால், மறுநாள் ஷேர்டு ஃபோல்டர் காணாமல் போயிருக்கும்.