அம்மீட்டரா, வோல்ட்மீட்டரா? பழைய டிராக்டரின் மின்னேற்றமும் இரு மானிகளின் வரலாறும்

புனே–நாசிக் சாலையில் அமைந்த தொழிற்பகுதி போசரி. அதே சாலை வடக்கே ராஜ்குருநகர், மஞ்சர், நாராயண்காவ் என உழவு ஊர்களை நோக்கிச் செல்கிறது. தொழிற்கூடமும் வயலும் சந்திக்கும் இத்தகைய நிலப்பகுதிகளில் பழைய டிராக்டரைப் புதுப்பிப்போர் ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றனர்: பேட்டரியின் மின்னேற்றத்தைக் கண்காணிக்க எந்த மானியைப் பொருத்துவது? விடை வண்டியின் வயதில் இருக்கிறது.

1881ஆம் ஆண்டுப் பாரிஸ் மின்னியல் மாநாடு ஆம்பியர், வோல்ட் ஆகிய இரண்டையும் பன்னாட்டு அலகுகளாக ஏற்றது. முன்னது மின்னோட்டத்தையும் பின்னது மின்னழுத்தத்தையும் குறிக்கும். வண்டியின் டேஷ்போர்டில் முதலில் இடம்பிடித்தது முன்னதன் மானியே.

இந்தியாவில் 1959இல் ஃபரீதாபாத்தில் ஐஷரும், 1960களின் தொடக்கத்தில் சென்னையில் டாஃபேயும் மும்பையில் மகிந்திராவின் கூட்டு நிறுவனமும் டிராக்டர் துறையில் இறங்கின. அக்கால வண்டிகளில் பரவலாக இருந்தது டைனமோ. இயந்திரம் மெதுவாக ஓடும்போது அதன் மின்னாக்கம் குறைந்து, விளக்குகளுக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து செல்லும். ஆகவே நடுவில் சுழியம் கொண்ட அம்மீட்டர் பொருத்தமாயிற்று. முள் ஒருபுறம் சாய்ந்தால் மின்னேற்றம், மறுபுறம் சாய்ந்தால் மின்னிறக்கம். டைனமோ தரும் மின்னோட்டம் ஏறத்தாழ 20 ஆம்பியருக்குள் அடங்கியதால், அது முழுவதும் மானி வழியே செல்வது சுமையாகவில்லை.

1960களில் சிலிக்கன் டையோடுகளுடன் ஆல்டர்னேட்டர் வாகனங்களில் பரவியது. குறைந்த வேகத்திலும் மின்னேற்றும் அது, டைனமோவைவிடக் கூடுதல் மின்னோட்டம் தரும். டைனமோவை நீக்கி ஆல்டர்னேட்டரைப் பொருத்தியவர் பழைய அம்மீட்டரையும் மெல்லிய கம்பியையும் அப்படியே விட்டால், இணைப்புகள் சூடேறித் தீப்பற்றும் அபாயம் உண்டு. வோல்ட்மீட்டர் பக்க இணைப்பில் அமைவதால் அதன் வழியே மிகச் சிறிய மின்னோட்டமே செல்லும். 12 வோல்ட் பேட்டரி முழுமையாக ஏறியிருந்தால், இயந்திரம் நின்ற நிலையில் சுமார் 12.6 வோல்ட்டும், ஓடும்போது 14 வோல்ட் அளவும் காட்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரை ஐயுற வேண்டும்.

அம்மீட்டரின் முள் சுழியத்தருகே நிற்பதைக் கண்டு டைனமோ பழுதென முடிவுசெய்வது எளிதில் நேரும் தவறு. பேட்டரி நிறைந்தபின் அது அங்கேதான் நிற்கும். அந்நிலையில் வோல்ட்மீட்டர் 14ஐக் காட்டினால் ஐயம் நீங்கும்.

டைனமோ நீடிக்கும் வண்டிக்கு அம்மீட்டர் இன்றும் தகும். ஆல்டர்னேட்டருக்கு மாறிய வண்டிக்கு வோல்ட்மீட்டரும் தடித்த புதுக் கம்பியும் வேண்டும். இத்தேர்வு பிழைத்தால் இழப்பு விதைப்பு நாளில் தெரியும்: மழை பெய்து மண் பதமாயிருக்க, வண்டி கிளம்பாது.