ஜீப்புக்கு எதுக்கு மெத்தை?

எங்க அப்பா பேசினா தெருவுக்கே கேக்கும். புதுசா வீட்டுக்கு வர்றவங்க உள்ள ஏதோ தகராறுன்னு நினைச்சு வாசல்லயே நின்னுடுவாங்க. "சாப்பிட்டியா மக்ளே?"ன்னு அவர் பாசமா கேக்கறதுக்கே பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும். எஸ்டேட் ஜீப் ஓட்டி வளந்த குரல் அது. 35 வருஷம். கீரிப்பாறை பக்கத்து மலைப்பாதையில ரெண்டாவது கியர்ல ஏறிக்கிட்டே பின்சீட்டுல இருக்கிறவர்கிட்ட பேசணும்னா அப்படித்தான் பேசியாகணும்.

அவர் ஓட்டின 1991 மாடல் எம்எம் 540 ஜீப்பை எஸ்டேட்ல கழிச்சப்போ அவரே வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்துட்டார். இப்போ அது நம்ம கையில. போன வருஷம் அதுக்குள்ள சத்தம் குறைக்கிற வேலை செஞ்சு, சீட்டையும் மாத்தலாம்னு ஆரம்பிச்சேன். அப்பா வாசல்ல நின்னு பார்த்தார். "என்னத்துக்கு மக்ளே ஜீப்புக்கு மெத்த? ஜீப்புன்னா இப்பிடித்தானே இருக்கும்!" (தெரு முழுக்க கேட்டுது.)

ஜீப்புன்னா ஏன் இப்படித்தான் இருக்கும்? அந்தக் கேள்வி என்னை ரொம்ப தூரம் இழுத்துட்டுப் போயிடுச்சு. அதான் இந்தப் பதிவு.

1940 ஜூலையில அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டுது. நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு சின்ன வண்டி வேணும், எடை 1300 பவுண்டு, அதாவது சுமார் 590 கிலோவுக்குள்ள இருக்கணும், மாதிரி வண்டியை 49 நாள்ல கொண்டு வந்து நிறுத்தணும். அமெரிக்கன் பான்டம்னு ஒரு சின்னக் கம்பெனி கார்ல் ப்ராப்ஸ்ட்ங்கிற இஞ்சினியரை வச்சு வரைஞ்சு, செப்டம்பர் 23ஆம் தேதி வண்டியைக் கொண்டு போய் நிறுத்திடுச்சு. அந்த எடைக்குள்ள இப்படி ஒரு வண்டியைச் செய்யவே முடியாதுன்னு சீக்கிரமே எல்லாருக்கும் புரிஞ்சுது. வரம்பை 2160 பவுண்டுக்கு, கிட்டத்தட்ட 980 கிலோவுக்கு, ஏத்தினாங்க. அதுக்கும் வில்லிஸ் கம்பெனி இஞ்சினியர் பார்னி ரூஸ் மல்லுக்கட்ட வேண்டியிருந்துது. ஒவ்வொரு பாகமா கழட்டி எடை போட்டு, போல்ட்டு நீளத்தைக் கூட வெட்டி, பெயின்ட்டை ஒரே கோட்டோட நிறுத்தினார்னு சொல்வாங்க.

பெயின்ட்டுக்கே இந்தக் கணக்குன்னா மெத்தைக்கு எங்க போறது? கதவு கிடையாது. தரை வெறும் தகரம். சீட்டுன்னா குழாய்ச் சட்டத்து மேல கேன்வாஸ் போத்தின மெல்லிசான திண்டு. டிரைவர் உக்காந்திருக்கிறது பெட்ரோல் டேங்க் மேல. பெட்ரோல் போடணும்னா அவர் எந்திரிச்சு திண்டைத் தூக்கணும்! போர்க்களத்துல ஒரு ஜீப் எத்தனை நாள் தாங்கும்னு யாருக்குமே தெரியாத காலம். அதுல உக்காந்து ஒருத்தன் 35 வருஷம் சம்பாதிப்பான்னு அந்தக் கணக்குல எங்கேயும் வரலை.

போர் முடியறதுக்குள்ள வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளிட்டாங்க. கே.சி. மஹிந்திரா அமெரிக்காவுல இதே பார்னி ரூஸைச் சந்திச்சதுலதான் நம்மூர் ஜீப் கதை ஆரம்பிக்குது. 1945ல லூதியானாவுல மஹிந்திரா & முகமதுன்னு ஆரம்பிச்ச இரும்பு வியாபாரக் கம்பெனி அவங்களோடது. கூட்டாளி குலாம் முகமது பிரிவினைக்கப்புறம் பாகிஸ்தானோட முதல் நிதியமைச்சர் ஆயிட்டார். 1948ல கம்பெனி பேர் மஹிந்திரா & மஹிந்திரான்னு மாறுச்சு. 1949ல பம்பாய் மஜ்காவ்ல ஜீப்பைப் பூட்ட ஆரம்பிச்சாங்க. நம்ம பெரியவங்க "ஜீப்பு"ன்னா மனசுல வர்ற அந்த உசந்த மூக்கு வண்டி சிஜே 3பி. உயரமான புது இஞ்சின் பழைய மூடிக்குள்ள அடங்கலைன்னு மூடியைத் தூக்கினாங்க, அவ்வளவுதான். அமெரிக்காவுல 1968லயே நிறுத்திட்டாங்க, இங்க அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் வந்துது.

அப்புறம் டீசல். எழுபதுகள்ல டிராக்டர் வம்சத்து இன்டர்நேஷனல் இஞ்சினை ஜீப்புக்குள்ள வச்சாங்க. அடுத்து பிரான்ஸ் பெஜோ கம்பெனிகிட்ட உரிமம் வாங்கின எக்ஸ்டிபி 4.90. நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் வாய், 2112 சிசி. எங்க வண்டியில இருக்கிறது இதுதான். இஞ்சின் அருமையானது, குறை சொல்ல மாட்டேன். ஆனா பெட்ரோல் இஞ்சினுக்குன்னு அடிச்ச அதே தகரப்பெட்டிக்குள்ள டீசல் தடதடப்பைக் கொண்டு வந்து வச்சா என்ன ஆகும்? சத்தம் மட்டும் ஏறிக்கிட்டே போச்சு, உள்பக்கம் 1940லயே நின்னுடுச்சு. வெளிநாட்டுலயும் இந்த ஜாதி வண்டிக்கு வசதி மெதுவாத்தான் வந்துது. 1970ல வந்த முதல் ரேஞ்ச் ரோவருக்கே வினைல் சீட்டுதான், தரையை ஹோஸ் வச்சுக் கழுவற மாதிரி செஞ்சிருந்தாங்க. கார்ப்பெட்டெல்லாம் பிற்பாடுதான்.

சரி, கம்பெனி குடுக்கலைன்னா நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா?

எஸ்டேட்ல மொதல்ல இருந்த பெட்ரோல் ஜீப்போட டிரைவர் சீட்டை குஷன்காரர் பிரிச்சதை அப்பா பார்த்திருக்கார். உள்ள தென்னந்தும்பு. அதுமேல சாக்கு, அதுமேல ரெக்சின். முள்ளு மாதிரி தும்பு குத்தும்கிறதால அப்பா எப்பவும் ஒரு துவர்த்தை மடிச்சுப் போட்டுத்தான் உக்காருவார். நான் இதை ஏதோ ஏழை வைத்தியம்னு நினைச்சேன். படிச்சுப் பார்த்தா விஷயம் வேற.

தேங்காப்பட்டணம் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். கதம்பையைக் காயல் தண்ணியில மாசக்கணக்கா ஊறப் போட்டு, அடிச்சு, தும்பு எடுத்து, கயிறு முறுக்கற ஊர். ஆலப்புழையில ஜேம்ஸ் டாராவோட முதல் கயிறு ஃபேக்டரி 1859ல வந்துது. அன்னைக்கு நாமளும் அதே திருவிதாங்கூர்தானே. இன்னொரு பக்கம் ரப்பர். 1902ல பெரியாறு கரையில தட்டேக்காட்டுல மர்ஃபிங்கிறவர் தோட்டம் போட்டார். பிற்பாடு நம்ம மலையடிவாரமும் ரப்பர் காடாச்சு. தும்பையும் ரப்பர் பாலையும் சேர்த்தா என்ன வரும்? தும்பைக் கயிறா முறுக்கி, கொஞ்சம் வச்சிருந்து பிரிச்சா தலைமுடி மாதிரி சுருள்சுருளா நிக்கும். அதைப் பரத்தி, ரப்பர் பாலைத் தெளிச்சு, அச்சுல வச்சு சூடு காட்டி அழுத்தினா ஒரு மெத்தை. ஒவ்வொரு சுருளும் ஒரு ஸ்பிரிங். காத்து உள்ள புகுந்து வெளிய வரும், வேர்க்காது. பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் கார் சீட்டுக்குள்ள இருந்ததும் இந்தச் சரக்குதான்! 1990கள்ல டைம்லர் பென்ஸ் கம்பெனி பிரேசில்ல பாரா ஃபெடரல் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து, லாரிக்குத் தலை வைக்கிற திண்டை தென்னந்தும்பு, ரப்பர் பால் ரெண்டையும் வச்சு செய்ய ஆரம்பிச்சுது. இந்த ரெண்டும் ஒரே மாவட்டத்துல கிடைக்கிற ஊர்க்காரன் நான், சீட்டுக்குள்ள தும்பு இருந்ததுக்கு வெக்கப்பட்டிருக்கேன்.

தும்பை விரட்டினது ஸ்பாஞ்ச். 1937ல ஜெர்மனியில ஓட்டோ பாயர் கண்டுபிடிச்ச பாலியூரித்தேன் வகை. விலை குறைவு, லேசு, எந்த வடிவத்துலயும் வெட்டலாம். நானும் கடைசியில அதைத்தான் போட்டேன், ஆனா ஒரு தப்பு பண்ணிட்டுத்தான் போட்டேன். மொதல்ல நல்லா மெத்துனு இருக்கட்டும்னு தடியான, இளக்கமான ஸ்பாஞ்சை வச்சேன். அப்பா உக்காந்து பார்த்துட்டு, "இது ஆளைத் தூக்கி எறியும் பாத்துக்கோ"ன்னார். எறிஞ்சுது! உக்காந்திருக்கிற மனுஷன் முதுகெலும்பு செகண்டுக்கு 5 தடவை குலுக்கற அதிர்வுக்குத்தான் ரொம்ப ஆடுமாம். பட்டை ஸ்பிரிங் வண்டி கல்லுரோட்டுல குடுக்கிறதும் ஏறக்குறைய அந்த ரகம். அதுக்கு மேல இளக்கமான ஸ்பாஞ்ச் இருந்தா அது குலுக்கலைக் கூட்டிக் குடுக்கும். அப்புறம் 40 டென்சிட்டி ஸ்பாஞ்ச் வாங்கி, தொடைக்கு அடியில கொஞ்சம் ஏத்தி, இடுப்புக்கு ஒரு புடைப்பு வச்சுத் தச்சோம். வேற கார்லேர்ந்து எடுத்த பழைய சட்டம், ஆனா தரைத் தகரத்துல சும்மா வெல்டு வைக்காம அடியில கனமான தகடு குடுத்து போல்ட்டு போட்டோம். சீட்டு பிடுங்கிட்டு வந்தா பெல்ட்டால பிரயோஜனம் இல்லை.

இனி சத்தம். இங்கதான் எனக்குப் பெரிய பாடம்.

ரப்பர் ஊர்க்காரன், ரப்பரைத் தவிர வேற என்ன தோணும்? ஷீட்டை வாங்கி தரை முழுக்க ஒட்டிடலாம்னு திட்டம். குஷன் கடைக்கார அண்ணாச்சி சிரிச்சார். "நம்ம ரப்பர் பந்து மாதிரி துள்ளும் தம்பி. சத்தத்தைத் திங்காது. லாரி டியூப் கிடந்தா கொண்டாங்க." அவருக்கு அதோட வேதியியல் தெரியாது, கை சொல்லுது. மரத்துப் பால்ல வர்ற ரப்பர் வாங்கின சக்தியை அப்படியே திருப்பிக் குடுக்கும். இஞ்சினுக்கு அடியில வைக்கிற திண்டுக்கு அது பொருத்தம். ஆடுற தகரத்தை அடக்கணும்னா வாங்கினதைத் திருப்பிக் குடுக்காத ரப்பர் வேணும். அது 1937ல அமெரிக்காவுல ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியில பெட்ரோலியத்துலேர்ந்து செஞ்ச பியூட்டைல் ரப்பர். காத்தையும் கசிய விடாதுங்கிறதால டியூப்புக்குப் போச்சு. இன்னைக்குக் கடையில கிடைக்கிற, ஒரு பக்கம் பசை, மறுபக்கம் அலுமினியத் தாள் வச்ச கறுப்பு ஷீட்டும் அதே பியூட்டைல்தான். ஆக, சுத்தி ரப்பர் மரமா நிக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு எண்ணெய்க் கிணத்து ரப்பரைக் காசு குடுத்து வாங்கினேன்.

செய்யப் போறவங்களுக்குச் சுருக்கமா: இதுல மூணு வேலை இருக்கு. தகரத்தோட ஆட்டத்தை அடக்கறது, உள்ள அலையற சத்தத்தை உறிஞ்சறது, வெளிய வர்ற சத்தத்தைத் தடுக்கறது. ஆட்டத்தை அடக்க முழுசா ஒட்டத் தேவையில்லை. ஒவ்வொரு தகட்டோட நடுப்பகுதியில கால்வாசி, பாதி ஒட்டினாலே போதும். விரலால தட்டினா "டங்"னு கேட்டது "டொக்"னு மாறணும். எங்க வண்டிக்கு எஸ்டேட்லயே தகரக் கூரை போட்டிருந்தாங்க, அதுதான் பெரிய முரசு. அதுக்கு முன்னாடி இஞ்சின் பக்கத்துச் சுவர்ல வயர் போற ஓட்டை, கியர் கம்பி ஓட்டை எல்லாத்தையும் அடைக்கணும். ஓட்டையை விட்டுட்டு மெத்தை போட்டா ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு கதவைப் பூட்டின கதை.

தண்ணி விஷயம் அதைவிட முக்கியம். நமக்கு ரெண்டு மழை, தென்மேற்கும் வடகிழக்கும். பல வருஷம் முன்னாடி ஒரு கடையில தரைக்கு ஃபெல்ட் வச்சு கார்ப்பெட் ஒட்டிக் குடுத்தாங்க. ஒரே வருஷத்துல கீழ தகரம் அப்பளம் ஆயிடுச்சு. இந்தத் தடவை துருவைச் சுரண்டி, பிரைமர் அடிச்சு, தரையில தண்ணி போற ஓட்டையை மூடாம விட்டு, ஈரம் உறிஞ்சாத ஃபோம்தான் போட்டேன்.

கணக்கு? 60 கிலோமீட்டர் வேகத்துல செல்போன்ல அளந்தப்போ முன்னாடி 93 டெசிபல், இப்போ 86. செல்போன் கணக்கை ரொம்ப நம்ப வேண்டாம். ஆனாலும் 7 டெசிபல் குறைஞ்சா காதுல விழற சக்தி ஐந்துல ஒரு பங்காயிடுது. நம்ம தொழிற்சாலை விதிகள்ல 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் எல்லைன்னு இருக்கு. எஸ்டேட் ஜீப்புக்குள்ள யாரு போய் அளந்தா?

அப்பாவைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இரைச்சல்ல போன காதுன்னார். உசந்த ஒலிகள்தான் முதல்ல போகுமாம். 'ஆ', 'ஓ' எல்லாம் கேக்கும், 'ச', 'த', 'ப' எல்லாம் நழுவிடும். அதனாலதான் நாம பேசறது கேக்குது, ஆனா புரியலை. போனது திரும்ப வராதுன்னும் சொன்னார். இத்தனை வருஷம் அப்பாவுக்குக் கோவம்னும் பிடிவாதம்னும் நாங்க நினைச்சதுல பாதி இதுதான்.

வேலை முடிஞ்ச மறுநாள் பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியா கீரிப்பாறைக்குப் போனோம். அப்பா பக்கத்துல. எந்த வளைவுல எந்த வருஷம் யானை நின்னுதுன்னு சொல்லிக்கிட்டே வந்தார். நான் சாதாரணக் குரல்ல கேட்டேன், அவர் பதில் சொன்னார். ஆத்துப் பாலம் தாண்டினப்போதான் எனக்கு உறைச்சுது. கிளம்பினதுலேர்ந்து அவர் ஒரு தடவை கூட "என்னது?"ன்னு கேக்கலை.

திரும்பி வரும்போது சீட்டைத் தடவிக்கிட்டே சொன்னார். "இத அப்பமே செஞ்சிருக்கலாம், என்ன மக்ளே?"

வழக்கம் போலச் சத்தமாத்தான் சொன்னார்.

பி.கு: சீட்டை மாத்துங்க, எண்ணிக்கையை மாத்தாதீங்க. ஆர்.சி. புத்தகத்துல எத்தனை பேர்னு இருக்கோ அத்தனைதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019ல உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு.