எஃப்.என்.8: சிற்றலையில் ஒரு தேசம்

1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று ஒரு நாடு பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. அரசியல் நூல்களில் அதை நாடென்று யாரும் எழுதியதில்லை. அமெச்சூர் வானொலிக்காரர்கள், அதாவது ஹாம்கள், மட்டுமே அதை அப்படி மதித்தார்கள். அவர்கள் அதற்கு வைத்திருந்த குறி எஃப்.என்.8. நாம் அதைப் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று அறிவோம். 1950இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்படும்வரை சந்திரநாகூரும் அதில் சேர்த்தி.

ஊதியம் கருதாமல், அரசு உரிமம் பெற்று, சொந்த டிரான்ஸ்மிட்டரால் பிற நாட்டாரோடு உரையாடுபவரே ஹாம். அவருடைய அழைப்புக் குறியின் முதல் எழுத்துகள் நாட்டைச் சொல்லிவிடும். இந்தியா என்றால் வி.யு.; பிரான்சும் அதன் உடைமைகளும் எஃப். எதை நாடென்று எண்ணுவது என்ற கேள்விக்கு 1935இல் கிளின்டன் டிசோட்டோ என்பவர் அமெரிக்க இதழான க்யூ.எஸ்.டி.யில் ஒரு கணக்கு வகுத்தார். தனி ஆட்சியோ தனி நிலப்பரப்போ இருந்தால் அது ஒரு நாடு. அந்த அளவுகோலின்படி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் ஒரு பன்னாட்டு எல்லை ஓடியது. நூறு நாடுகளோடு பேசி அஞ்சலட்டைச் சான்று சேர்த்தவர்களுக்கு விருது உண்டு என்பதால், ஒரு புதுச்சேரி அட்டைக்கு ஏங்கியவர்கள் உலகெங்கும் இருந்திருப்பார்கள்.

கீழூரில் 1954 அக்டோபர் 18இல் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான ஒப்பந்தம் 1956இல்தான் கையெழுத்தாயிற்று. அது முழுமை பெற்றதோ 1962 ஆகஸ்டில். ஆனால் ஹாம்களின் பட்டியல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்கவில்லை. நவம்பர் 1க்கு முன் பேசியது செல்லும், பின்னால் பேசியது இந்தியாக் கணக்கில் சேரும் என்று அது கோடு போட்டுவிட்டது. சட்ட வரலாற்றைவிடச் சிற்றலைப் பட்டியல் உண்மைக்கு நெருக்கமாக இருந்த அரிய தருணம் இது என்பேன்.

கோட்டின் இந்தியப் பக்கத்தில் கருவி வைத்திருப்பதே ஒரு சட்டச் சிக்கல். 1933ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் டெலிகிராபிச் சட்டம் ஒலிபரப்புவதை மட்டுமல்ல, கருவியை உரிமமின்றி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. (2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதனிடத்தை எடுத்துக்கொள்ள வந்தது.) ஆக, உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால், அலமாரியிலிருக்கும் பெட்டி அவர் மனைவிக்குச் சொத்தாகும் முன்னரே சங்கடமாகிவிடும். 1939இல் போர் மூண்டதும் அமெச்சூர் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. டிரான்ஸ்மிட்டர்களைக் காவல்துறையிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். எல்லாரும் ஒப்படைக்கவில்லை போலும். 1942 ஆகஸ்டில் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் தொடங்கிய ரகசியக் காங்கிரஸ் வானொலிக்கு டிரான்ஸ்மிட்டர் அமைத்தவர் நரிமன் பிரிண்டர் என்ற முன்னாள் ஹாம். நவம்பரில் பிடிபடும்வரை அது பேசியது.

நம் பக்கத்திலும் இந்த ஆர்வத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 40 வாட் டிரான்ஸ்மிட்டரால் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. 1927இல் பணமின்றி மூடியபோது கருவி மாநகராட்சிக்குப் போயிற்று. 1930 முதல் அது வேறொரு வாழ்வு வாழ்ந்தது.

எஃப்.என்.8 வழங்கிய காலத்தில் ஒரு ஹாமின் மேசையில் இரண்டு பெட்டிகள் இருக்கும்: கேட்க ஒன்று, பேச ஒன்று. போர் முடிந்ததும் ராணுவக் கழிவாக வந்த கருவிகளே பலருக்கும் எட்டின. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களுக்காகச் செய்த பி.சி.348 ரிசீவரை எடுத்துக்கொள்ளுங்கள். உறுதியானது, அலைவரிசைப் பட்டை மாற்ற ஒரு குமிழைத் திருகினால் போதும். அதன் போட்டியாளரான நேஷனல் எச்.ஆர்.ஓ.வில் பட்டைக்குப் பட்டை ஒரு சுருள்பெட்டியை இழுத்து வேறொன்றைச் செருக வேண்டும். செருகும் முறையில் மின்னிழப்பு குறைவு, துல்லியம் கூடுதல். ஆனால் ஒரு சுருள்பெட்டி தொலைந்தால் அந்தப் பட்டையே தொலைந்தது. நான் பி.சி.348 கட்சி. அதிலும் வில்லங்கம் உண்டு. விமானத்தின் 28 வோல்ட்டுக்காக உள்ளே ஒரு சுழல் மோட்டார் வைத்திருப்பார்கள். அதைக் கழற்றி, வீட்டு மின்சாரத்துக்கு ஏற்ற மின்வழங்கியை நாமே கட்ட வேண்டும். டிரான்ஸ்மிட்டரில் பெரும்பாலும் 807 வால்வு. அலைவரிசையை நிலைநிறுத்த ஒரு படிகம். படிகத்துக்கு ஒரே அலைவரிசைதான். ஆகவே அழைப்பவர் ஓரிடத்தில் நிற்பார், பதில் சொல்பவர் தன்னிடமுள்ள படிகத்தில் நிற்பார். இருவரும் ரிசீவரைத் திருகித் திருகி ஒருவரையொருவர் தேடுவார்கள்.

கடலோர ஊரில் கருவியின் எதிரி திருடனல்ல, உப்பு. ஏரியல் கம்பியின் பீங்கான் தாங்கிகளில் உப்புப் படலம் படியும். பனிக்காலை ஈரத்தில் அதன் வழியே மின்சாரம் கசியும். நல்ல தண்ணீரால் கழுவுவதைத் தவிர மாற்றில்லை. இணைப்பிகளில் பச்சைக் களிம்பு பூக்கும். வால்வுப் பெட்டி இதில் ஓரளவு தேவலை: ஓடும்போது எழும் சூடே ஈரத்தை விரட்டிவிடும். நெடுநாள் ஓடாமல் கிடந்த பெட்டிக்கு ஒரேயடியாக முழு மின்சாரம் கொடுப்பதுதான் பெரும் பிழை. காய்ந்துபோன கண்டன்சர்கள் வெடிக்கும். மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும், நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பதைப் போல.

இணைப்புக்குப் பின் வந்த பல பத்தாண்டுகள் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் காலம். ஜப்பானியப் பெட்டி சிலருக்கே வாய்த்தது. மற்றவர்கள் பாகம் தேடி, பழையதைப் பிரித்து, தாமே கட்டினார்கள். வறுமை என்று இதைச் சொல்வோர் உண்டு. எனக்கு அது பயிற்சிப் பட்டறையாகப் படுகிறது. 2003இல் ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ்20 இந்தப் பட்டறையின் பிள்ளை. கிடைக்காத வளையங்களுக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாய் வாஷரில் கம்பி சுற்றலாம் என்றார் அவர். பேசவும் கேட்கவும் ஒரே சுற்று இரு திசையிலும் உழைக்கும். 14 மெகாஹெர்ட்ஸில் சில வாட் ஆற்றலே உள்ள அந்தக் கருவி உலகெங்கும் கட்டப்பட்டது.

பி.சி.348 கேட்கும் எல்லைக்குள் 14 மெகாஹெர்ட்ஸும் அடக்கம். ஆனால் பிட்எக்ஸ் ஒற்றைப் பக்கப்பட்டையில் பேசுவதால், பழைய ரிசீவரில் அந்தக் குரல் வாத்து கத்துவதுபோல் வரும். மோர்ஸ் கேட்பதற்காக வைத்த துணை அலையியற்றியின் விசையைப் போட்டு, அலைவாங்கும் பெருக்கத்தைக் குறைத்து, குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் வாத்து மனிதராகும். நான்குமுனைச் சாலை மொட்டைமாடியிலிருந்து அழைத்தாலும் நாகர்கோவிலிலிருந்து அழைத்தாலும் அவர் முதலில் சொல்லும் எழுத்துகள் இன்று ஒன்றேதான்: வி.யு.