கால் விரலை ஆட்டுங்க!

சிவகாசி, சாத்தூர் பக்கம் சரவெடி பின்னுறவங்களைப் பார்த்திருக்கீங்களா? தரையில சம்மணம் போட்டு, மணிக்கணக்கா குனிஞ்சே வேலை. இடுப்பு வலியை அங்க யாரும் ஒரு வியாதியாவே கணக்குல எடுக்கிறதில்லை. டிஸ்க் விலகி, கால் மரத்து, டாக்டர் ‘ஆபரேஷன்’ என்றதும் வீட்டில் வரும் முதல் பேச்சு: “முதுகுல கத்தி வெச்சா கால் போயிடும்.”

இந்தப் பயத்தை மனசுல வெச்சுக்கோங்க. இன்னைக்குக் கதை அதைச் சுத்தித்தான்.

1898 ஆகஸ்ட். ஜெர்மனியில் கீல் நகரம். ஆகஸ்ட் பியர் என்ற சர்ஜன், தண்டுவட நீரில் கோகெய்ன் செலுத்தி இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார். அதைத் தன் உடம்பிலேயே சோதிக்கப் பார்த்தார். ஊசியில் சிரிஞ்ச் சரியாகப் பொருந்தவில்லை. தண்டுவட நீர் ஒழுகியதுதான் மிச்சம். உடனே உதவியாளர் ஹில்டப்ராண்ட் தன் முதுகைக் கொடுத்தார். பியர் அவர் காலில் சுத்தியலால் தட்டினார், சுருட்டு நெருப்பை வைத்தார். வலிக்கவே இல்லை! அப்புறம் ரெண்டு பேருக்கும் நாள்கணக்கில் தலைவலி.

இந்த முறை பிரசவத்துக்கும் கால் ஆபரேஷனுக்கும் வரமா வந்துச்சு. ஆனா முதுகெலும்பு ஆபரேஷன்ல ஒரு சிக்கல். நோயாளி கண் விழிச்சதும் டாக்டர் சொல்றது, “கால் விரலை ஆட்டுங்க.” விரல் அசையலைன்னா, மருந்துல மரத்ததா, நரம்பு அடிபட்டதா? குழப்பம்.

அதனால பெரும்பாலும் மார்ஃபின் மாதிரி மருந்துகளையே நம்ப வேண்டியிருந்தது. அதிகமானால் தூக்கம், வாந்தி, மூச்சுத் திணறல். போதாக்குறைக்கு, இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் பல ஆஸ்பத்திரிகளில் கிடைக்காமல் போனது. 2014-ல்தான் சட்டம் கொஞ்சம் தளர்ந்தது.

2016-ல் கனடாவில் மொரிசியோ ஃபொரேரோவும் குழுவினரும் நெஞ்சு வலிக்காக ஒரு புது ஊசியை விவரித்தார்கள்: எரெக்டர் ஸ்பைனே பிளாக். சீக்கிரமே அது முதுகு ஆபரேஷனுக்கும் வந்தது. தண்டுவடத்திலிருந்து வரும் ஒவ்வொரு நரம்பும் ரெண்டாகப் பிரியும். இடுப்புப் பகுதியில் முன்கிளை காலுக்கு, பின்கிளை முதுகுத் தசைக்கு. அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடி, முதுகுத் தசைக்கும் எலும்புக்கும் நடுவே மருந்தைவிட்டால் பின்கிளைதான் அதிகம் மரக்கும். வலி சில மணி நேரம் குறையும், கால் பொதுவா அசையும். முழு மயக்கத்தோட சேர்த்துத்தான் இதைக் கொடுக்கிறாங்க. எல்லா வலியும் போயிடாது. மார்ஃபின் தேவை குறையும்.

நம்ம ஊர் விஷயம் ஒண்ணு. முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பெயர்பெற்ற கோவை கங்கா மருத்துவமனையை 1978-ல் தொடங்கிய ஜே.ஜி. சண்முகநாதன், சர்ஜன் இல்லை. மயக்க டாக்டர்!

2022-லிருந்து விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. இனிமே உங்க வீட்ல யாருக்காவது முதுகு ஆபரேஷன்னா, சர்ஜன்கிட்ட மட்டும் பேசிட்டு வந்துடாதீங்க. மயக்க டாக்டரைப் பார்த்து, “வலிக்கு என்ன திட்டம் வெச்சிருக்கீங்க? பிளாக் போட முடியுமா?”ன்னு கேளுங்க. கேட்கிறது உங்க உரிமை.